விகடகவியைப் பைத்தான் ஏன் மறுத்தது? சரத்தின் சுட்டெண்ணும் தமிழ் எழுத்தும் - ஒரு நிகழ்வு ஆய்வு

பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே ஒரு சிறு நிரலை எழுதிப் பார்ப்பார்கள். ஒரு சொல்லைக் கொடுத்தால், அது இடமிருந்தும் வலமிருந்தும் ஒன்றுபோலவே படிக்கப்படுகிறதா என்று அந்த நிரல் சொல்ல வேண்டும். தமிழ் யாப்பு இதை மாலைமாற்று என்கிறது. நிரலின் மையம் ஒரே வரிதான்:

சொல் == சொல்[::-1]

பைத்தான் 3-இல் மாறிக்கு, அதாவது ஒரு மதிப்பைத் தாங்கும் இடத்துக்கு, தமிழிலேயே பெயர் வைக்கலாம். ஆகவே இந்தக் கட்டுரையில் வரும் இத்தகைய வரிகளை, மாறிகளுக்கு உரிய மதிப்பைக் கொடுத்தபின், அப்படியே தட்டெழுதி இயக்கிப் பார்க்கலாம். சதுர அடைப்புக்குள் இருக்கும் இரண்டு முக்காற்புள்ளிகளும் -1 என்ற எண்ணும் சரத்தை, அதாவது நிரலில் வைக்கும் உரையை, கடைசியிலிருந்து முதல்வரை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கச் சொல்கின்றன. இதையே சுட்டெண் (சரத்தில் ஓர் உறுப்பின் இட எண்) கொண்டு எழுதினால் சொல்[0]-ஐ சொல்[-1]-உடன் ஒப்பிட வேண்டும், சொல்[1]-ஐ சொல்[-2]-உடன் ஒப்பிட வேண்டும், இப்படியே நடுவரை போக வேண்டும். சுட்டெண் பூச்சியத்தில் தொடங்கும். குறை எண் கொடுத்தால் கடைசியிலிருந்து எண்ணும்.

ஆங்கிலச் சொற்களுக்கு இந்த நிரல் பிசகின்றி விடை தருகிறது. தமிழுக்கும் சரிவருமா என்று பார்க்க "கடக" என்று கொடுத்தால் "ஆம்" என்கிறது. அதோடு நிறுத்திக்கொண்டால் தமிழுக்கும் நிரல் தயார் என்றே தோன்றும். அடுத்து "விகடகவி" கொடுத்தால் விடை "இல்லை". மாலைமாற்றுக்குத் தமிழில் எல்லாரும் முதலில் சொல்லும் எடுத்துக்காட்டையே நிரல் மறுத்துவிடுகிறது. "திகதி", "குடகு", "பாப்பா", "கைரேகை" ஆகியவற்றுக்கும் "இல்லை" என்றே விடை வருகிறது.

இதற்கு நேர் எதிரான பிழையும் உண்டு. "பாப விமோசனம்" என்பதில் வரும் "பாப" என்ற சொல்லைத் தனியாகக் கொடுத்தால் நிரல் "ஆம்" என்கிறது. அதில் இருப்பவை பா, ப என்ற இரண்டு எழுத்துகள். திருப்பினால் "பபா" என்று வர வேண்டும்; இது மாலைமாற்றே அல்ல. உள்ளதை இல்லை என்றும், இல்லாததை உண்டு என்றும் ஒரே வரி சொல்கிறது. இரண்டு திசையிலும் தவறுவதால் ஏதோ ஒரு விதிவிலக்கைச் சேர்த்து இதைச் சரிசெய்துவிட முடியாது. அடிப்படையில் எதை எண்ணுகிறோம் என்பதையே பார்க்க வேண்டும்.

சரத்துக்குள் என்ன இருக்கிறது

சரத்தின் நீளத்தை எண்ணிச் சொல்லும் லென் செயற்கூற்றிடம் "விகடகவி" கொடுத்தால் 7 என்கிறது. நாம் எண்ணினால் வி, க, ட, க, வி என ஐந்து. சுட்டெண்ணாக ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும். சொல்[0] 'வ', சொல்[1] 'ி', சொல்[2] 'க', சொல்[3] 'ட', சொல்[4] 'க', சொல்[5] 'வ', சொல்[6] 'ி'. இகரக் குறி தனக்கென ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு தனியே நிற்கிறது. ஒப்பீடு முதல் படியிலேயே முறிகிறது: சொல்[0] 'வ', சொல்[-1] 'ி'.

திருப்பிய சரத்தை அச்சிட்டால் "ிவகடகிவ" என்று வருகிறது. தொடக்கத்தில் தாங்க மெய்யில்லாத இகரக் குறி, பல எழுத்துருக்களில் புள்ளிவட்டத்தின் மீது ஏறி நிற்கும். அதைவிடக் கவனிக்க வேண்டியது நடுவில் இருக்கும் "கி". மூலச் சொல்லில் "கி" என்ற எழுத்தே கிடையாது. முதல் "வி"யிலிருந்து பிரிந்த குறி, திருப்பும்போது தனக்கு முன்னால் வந்து நின்ற "க"வுடன் ஒட்டிக்கொண்டுவிட்டது.

காரணம், எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறிமுறையான யூனிகோட் தமிழைச் சேமிக்கும் முறையில் இருக்கிறது. இந்திய மொழிகளுக்காக வகுக்கப்பட்ட இஸ்கி என்ற குறிமுறையின் அடுக்கை ஒட்டியே யூனிகோடில் தமிழுக்கு இடம் தரப்பட்டது. 2944 முதல் 3071 வரையிலான எண்கள் தமிழுக்குரிய பகுதி. அதில் உயிரெழுத்துகளுக்குத் தனி எண் உண்டு. அகரமேறிய மெய்களுக்குத் தனி எண் உண்டு. கால், கொம்பு, இகரச் சுழி போன்ற குறிகளுக்கும் புள்ளிக்கும் தனி எண் உண்டு. "தமிழ்" என்ற சொல்லை எண்ணைச் சொல்லும் ஆர்ட் செயற்கூற்றால் ஒவ்வொன்றாகக் கேட்டால் 2980, 2990, 3007, 2996, 3021 என ஐந்து எண்கள் கிடைக்கும். மூன்று எழுத்துக்கு ஐந்து குறியெண்கள். பைத்தான் 3-இன் சரம் என்பது இந்தக் குறியெண்களின் வரிசை. சுட்டெண் எண்ணுவது குறியெண்ணை, எழுத்தை அல்ல.

நம் இலக்கணம் எழுத்தை வேறு விதமாகப் பார்க்கிறது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247. இவற்றில் "வி"யும் ஓர் எழுத்து, "ழ்" என்பதும் ஓர் எழுத்து. இலக்கணப்படி "க்" என்பதே மெய். அதோடு அகரம் சேர்ந்தால் "க". யூனிகோடில் "க" ஒரே எண், "க்" இரண்டு எண். "கடக" ஏன் தேறியது என்பதற்கும் இதுவே விடை: குறியும் புள்ளியும் இல்லாத சொல்லில் எழுத்துக் கணக்கும் குறியெண் கணக்கும் ஒன்றாகிவிடுகின்றன. தமிழ் நிரலைச் சோதிக்க அத்தகைய சொல்லைத் தேர்ந்தெடுப்பது எந்தப் பிழையையும் காட்டிக்கொடுக்காது.

247 எழுத்துக்கும் தனித்தனி எண் தரும் முறை ஒன்றும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ்-16 என்ற குறிமுறை அது. அந்த எண்களால் எழுதப்பட்ட சரத்தில் சொல்[0] "வி" என்றே வரும். ஆனால் அது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் (அவரவர் விருப்பப்படி பயன்படுத்த விடப்பட்ட எண்களில்) அமைந்தது. இணையத்திலும் கைபேசியிலும் புழங்குவது யூனிகோட் தமிழ்தான். எனவே நிரல் எழுதுபவர் யூனிகோட் அடுக்கோடுதான் வேலை செய்தாக வேண்டும்.

இதில் பைத்தானைக் குறை சொல்வது நியாயமல்ல. 2008-இல் பைத்தான் 3.0 வருவதற்கு முன் நிலைமை இன்னும் மோசம். பைத்தான் 2-இல் சாதாரண சரம் என்பது பைட்டுகளின் வரிசை. குறியெண்களைப் பைட்டுகளாகச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணுக்கும் மூன்று பைட் தேவை என்பதால் "தமிழ்" 15 என்று எண்ணப்படும். முதல் இடத்தைக் கேட்டால் 224 என்ற பைட் கிடைக்கும். அது எந்தத் தமிழ் எழுத்துமல்ல, எழுத்தின் மூன்றிலொரு துண்டு. பைத்தான் 3 அந்தத் துன்பத்தை ஒழித்தது. 2012-இல் வந்த 3.3 பதிப்பிலிருந்து சரத்தில் எந்தக் குறியெண்ணும் உடைபடுவதில்லை. எத்தனையாவது சுட்டெண்ணைக் கேட்டாலும் அதே வேகத்தில் எடுத்துத் தருகிறது. பைட்டிலிருந்து குறியெண் வரை மொழி நம்மை அழைத்து வந்துவிட்டது. குறியெண்ணிலிருந்து எழுத்து வரையிலான கடைசிப் படியை நிரல் எழுதுபவர்தான் ஏற வேண்டும்.

நோயை மறைத்த மருந்து

இந்தப் பிழைக்குப் பலரும் முதலில் எட்டுகிற தீர்வு ஒன்றை விரிவாகப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன். ஏனெனில் அது விகடகவியைத் தேறவைத்துவிடும்.

மாலைமாற்று நிரலில் இடைவெளி, காற்புள்ளி முதலியவற்றை நீக்குவது வழக்கம். அதற்கு ஐஸ்ஆல்ஃபா என்ற செயற்கூறு இருக்கிறது: சரத்தில் ஒவ்வொன்றையும் எழுத்தா என்று கேட்டு, "ஆம்" என்றால் மட்டும் வைத்துக்கொள்வார்கள். அந்த வடிகட்டியைச் சேர்த்தவுடன் விகடகவிக்கு "ஆம்" வருகிறது. திகதி, குடகு, பாப்பா எல்லாம் தேறுகின்றன. வேலை முடிந்தது போலத் தெரிகிறது.

"மாமி" என்று கொடுத்துப் பாருங்கள். அதற்கும் "ஆம்". "தாதி"க்கும் "ஆம்".

உள்ளே நடப்பது இதுதான். யூனிகோட் ஒவ்வொரு குறியெண்ணுக்கும் ஒரு வகையை ஒதுக்குகிறது. ஐஸ்ஆல்ஃபா எழுத்து வகையை மட்டும் ஏற்கும். நம் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து வகையில் இல்லை. ஒட்டுக்குறி என்ற வகையில் இருக்கின்றன. ஆகவே வடிகட்டி இடைவெளியோடு சேர்த்துக் குறிகளையும் உதிர்த்துவிடுகிறது. விகடகவி "வகடகவ" ஆகிறது, மாமி "மம" ஆகிறது. நிரல் ஒப்பிட்டது குறியிழந்த எலும்புக்கூடுகளை. "தமிழ்" என்ற முழுச் சொல்லையே ஐஸ்ஆல்ஃபாவிடம் கொடுத்தால், எழுத்துகளால் மட்டும் ஆனதல்ல என்று விடை வரும். பெயரில் எழுத்து மட்டும்தான் இருக்கிறதா என்று சோதிக்கும் படிவங்களில் இந்தச் செயற்கூற்றைப் போட்டால், தமிழ்ப் பெயர்களில் பெரும்பாலானவை தள்ளப்படும்.

பிழைகளில் இந்த வகையையே நான் மிகவும் அஞ்சுகிறேன். ஏழு குறியெண் உள்ள சரத்தில் சொல்[7] கேட்டால் பைத்தான் இண்டெக்ஸ்எரர் என்று உடனே நிறுத்திவிடும். எங்கே தவறு என்று தெரிந்துவிடும். இங்கே எந்த எல்லையும் மீறப்படவில்லை. நிரல் அமைதியாக ஓடி, தவறான விடையை நம்பிக்கையோடு தருகிறது. "ஆம்" வர வேண்டிய சொற்களை மட்டும் வைத்துச் சோதித்தவருக்கு இது தெரியவே வராது.

எழுத்தாகப் பிரித்தல்

சரியான வழி, சுட்டெண்ணைத் தொடும் முன் சரத்தை எழுத்துகளின் பட்டியலாக மாற்றிக்கொள்வது. பைத்தானோடு வரும் யூனிகோட்டேட்டா தொகுதியே போதும். முதலில் சரத்தை அதன் நார்மலைஸ் செயற்கூற்றால் என்எஃப்சி என்ற சீரான வடிவுக்குக் கொண்டுவர வேண்டும்; ஏன் என்பது பின்னால் வரும். பிறகு வெற்றுப் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு சரத்தின் மீது ஒவ்வொரு குறியெண்ணாக நடக்க வேண்டும். கேட்டகரி செயற்கூறு தரும் ஈரெழுத்து ஆங்கில வகைப்பெயரின் முதல் எழுத்து எம் என்றால் அது ஒட்டுக்குறி. பட்டியலின் கடைசி உறுப்போடு அதைச் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் புதிய உறுப்பாகச் சேர்க்க வேண்டும். சரம் ஒட்டுக்குறியிலேயே தொடங்கிவிட்டால் சேர்ப்பதற்குக் கடைசி உறுப்பு இருக்காது. வெற்றுப் பட்டியலில் -1 கேட்டால் இண்டெக்ஸ்எரர் வரும். அந்த நிலையில் குறியைத் தனி உறுப்பாக ஏற்கும் நிபந்தனை ஒன்றையும் எழுதிவிட வேண்டும்.

வகையின் முதல் எழுத்தை மட்டும் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தமிழ் ஒட்டுக்குறிகள் ஒரே வகையில் இல்லை. கால், இகரக் குறி, உகர ஊகாரக் குறிகள், கொம்புகள் எல்லாம் எம்சி வகை. புள்ளியும் ஈகாரக் குறியும் எம்என் வகை. எம்சி மட்டும் பார்த்து எழுதினால் "நி" ஒன்றாக நிற்கும், "நீ" இரண்டாகப் பிளக்கும். சில சொற்களில் மட்டும் தலைகாட்டும் பிழை இது. தேடிக் கண்டுபிடிப்பது கடினம்.

இதைப் பிடிக்க மிக நல்ல சோதனை நம் பழைய இலக்கியத்திலேயே இருக்கிறது. மூன்றாம் திருமுறையில் சீகாழி மீது சம்பந்தர் பாடிய மாலைமாற்றுப் பதிகத்தின் முதல் பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். முதலடியில் 14 எழுத்து. இரண்டாம் அடி அதை அப்படியே திருப்பியது. மொத்தம் 28 எழுத்து, அத்தனையும் குறி ஏற்ற உயிர்மெய். இடைவெளி நீக்கினால் 56 குறியெண்கள். வெறும் சரத்தைத் திருப்பும் நிரல் முதல் ஒப்பீட்டிலேயே இதை மறுக்கும்: தொடக்கத்தில் 'ய', முடிவில் 'ா'. எம்சி மட்டும் பார்க்கும் நிரல் 32 என்று எண்ணும், ஏனெனில் பாடலில் "நீ" இருமுறையும் "ழீ" இருமுறையும் வருகின்றன. சரியாக எழுதிய நிரல் 28 என்று எண்ணி "ஆம்" சொல்லும். கணினி என்ற எண்ணமே இல்லாத காலத்துப் பாடல் இன்றைய நிரலின் பிழையை இவ்வளவு துல்லியமாகப் பிரித்துக் காட்டுவது எனக்குப் பெரும் மகிழ்ச்சி தருகிறது.

இடைவெளியையும் நிறுத்தற்குறிகளையும் நீக்கும் வேலை பிரித்த பின்னர்தான் நடக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பின் முதல் குறியெண்ணை மட்டும் ஐஸ்ஆல்ஃபாவிடம் கேட்டால் போதும். "வி"யின் முதல் குறியெண் 'வ', அது எழுத்து வகை. உறுப்பு முழுதும் தங்கிவிடும். ஆய்தமும் எழுத்து வகையில்தான் இருக்கிறது, ஆகவே அதற்கும் ஆபத்தில்லை. மேலே நோயை மறைத்த அதே செயற்கூறு, சரியான இடத்தில் வைத்தால் சரியான வேலை செய்கிறது.

விகடகவியைப் பிரித்த பட்டியலுக்கு "எழுத்துகள்" என்று பெயர் வைத்தால், இனி எழுத்துகள்[0] "வி", எழுத்துகள்[2] "ட", எழுத்துகள்[-1] "வி". எழுத்துகள் == எழுத்துகள்[::-1] என்ற ஒப்பீடு விகடகவிக்கு "ஆம்" என்றும், மாமிக்கும் பாபவுக்கும் "இல்லை" என்றும் சொல்கிறது. பட்டியலாக வைத்திருப்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பைத்தான் சரத்தை மாற்ற முடியாது; சொல்[0] = "சி" என்றால் டைப்எரர் வரும். பட்டியலை மாற்றலாம். "மலை"யைப் பிரித்து எழுத்துகள்[0] = "சி" என்று வைத்து, ஜாயின் கொண்டு கோத்தால் "சிலை" கிடைத்துவிடும். சொல் விளையாட்டு எழுதுபவர்களுக்கு இது மிகவும் உதவும். ஆனால் பிரிப்பதை ஒரே முறை செய்து மாறியில் வைத்துக்கொள்ள வேண்டும்; ஒவ்வொரு சுட்டெண்ணுக்கும் புதிதாகப் பிரித்தால் நீண்ட உரையில் நிரல் தவழும்.

சொந்தமாக எழுத விரும்பாதவர்கள் ஓப்பன்-தமிழ் என்ற திறமூல நூலகத்தின் கெட்_லெட்டர்ஸ் செயற்கூற்றைப் பயன்படுத்தலாம். முதலில் ஒரு முறை தாமே எழுதிப் பார்த்துவிட்டு நூலகத்துக்குப் போவதே நல்லது என்பது என் கருத்து. நூலகம் எந்த முடிவை எடுக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

என்எஃப்சி ஏன்

"கொ", "கோ", "கௌ" ஆகியவற்றின் குறிகளை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒகரக் குறிக்கு 3018 என்ற ஒற்றை எண் உண்டு. எகரக் கொம்பின் 3014, காலின் 3006 என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்தாலும் திரையில் அதே "கொ" தெரியும். "கொடி" என்ற சொல் ஒரு விதத்தில் நான்கு குறியெண், மற்றொரு விதத்தில் ஐந்து. கண்ணுக்கு வேறுபாடு இல்லை. பைத்தானின் சமக்குறிக்கு அவை வெவ்வேறு. "மோருபோருமோ" என்பதன் முதல் "மோ" ஒரு விதமாகவும் கடைசி "மோ" மறுவிதமாகவும் இருந்தால், எழுத்தாகப் பிரித்த பிறகும் ஒப்பீடு தோற்கும். என்எஃப்சி இரண்டையும் ஒற்றை எண்ணுக்குக் கொண்டுவருகிறது.

பைத்தான் மாறிப் பெயர்களுக்கு இத்தகைய சீராக்கத்தைத் தானே செய்துவிடுகிறது. "சொல்" என்ற மாறியில் ஒகரக் குறியை எந்த விதமாகத் தட்டினாலும் அது ஒரே மாறிதான். மேற்கோள்குறிக்குள் இருக்கும் உரையை மட்டும் அது தொடுவதில்லை. அது தரவு என்பதால் தொடாமல் விடுவதே சரி.

மாலைமாற்றுக்கு வெளியே

இந்த ஆய்வு ஒரு விளையாட்டு நிரலைப் பற்றியதாகத் தோன்றலாம். ஆனால் அதே சொல்[0] நம் பெயர்களைத் தொடுகிறது. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னெழுத்தாக இடுவது தமிழர் வழக்கம். முத்துவேலின் மகன் மு. கருணாநிதி, சின்னசாமியின் மகன் சி. சுப்பிரமணிய பாரதி. தந்தை பெயர்ச் சரத்தில் பூச்சியமாவது சுட்டெண்ணை எடுக்கும் நிரல் "ம. கருணாநிதி" என்றும் "ச. சுப்பிரமணிய பாரதி" என்றும் அச்சிடும். அடையாள அட்டையிலோ சான்றிதழிலோ அப்படி வந்தால் அது வேறொருவரின் பெயர். வெட்டும் (சரத்தின் ஒரு பகுதியை மட்டும் எடுப்பதும்) அப்படியே: கண்ணகியின் முதல் இரண்டை எடுக்கச் சொன்னால் "கண்" வராது, "கண" வரும். சுட்டெண்ணைப் போலன்றி, எல்லை தாண்டிய வெட்டுக்குக்கூடப் பைத்தான் பிழைச் செய்தி தராது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

யாப்பு நிரல்களில் இன்னும் நுட்பமான சிக்கல் வருகிறது. எதுகை என்பது இரண்டாம் எழுத்து ஒன்றுவது. சொல்[1]-ஐ ஒப்பிட்டு எதுகை தேடினால் "பாடம்", "காலம்" இரண்டிலும் 'ா' கிடைக்கும். நிரல் எதுகை என்று சொல்லிவிடும். ட-வும் ல-வும் ஒன்றவே இல்லை. சொல்[0]-ஐ வைத்து மோனை தேடினால் மட்டும் ஓரளவு பொருந்தும், ஏனெனில் க, கா, கி எல்லாம் 'க' என்றே வரும். யாப்பு அதை வருக்க மோனையாக ஏற்கிறது. ஆனால் உயிரெழுத்தில் தொடங்கும் சொற்களுக்கு அதுவும் போதாது.

தீராதவை

"க்ஷ" ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் க, புள்ளி, ஷ என மூன்று குறியெண். மேலே சொன்ன முறை அதை "க்", "ஷ" என இரண்டாகப் பிரிக்கும். "ஸ்ரீ"யும் அப்படியே. ஒன்றாக எண்ண வேண்டும் என்று விரும்பினால் அதற்குத் தனி விதி எழுத வேண்டும். மாலைமாற்றுக்கு ஒன்றாக எண்ணுவதே பொருத்தம் என்று கருதுகிறேன்.

இதைவிடக் கடினமானது ஔகாரம். "கௌரி" என்று எழுத வேண்டிய இடத்தில் எகரக் கொம்பும் ளகரமும் தட்டி "கெளரி" என்று எழுதப்பட்ட உரை இணையத்தில் நிறைய இருக்கிறது. "ஔவை"யும் "ஒளவை" ஆகிறது. இங்கே ளகரம் உண்மையான எழுத்து என்பதால் என்எஃப்சி அதைத் திருத்தாது. எண்ணிக்கையில் ஓர் எழுத்து கூடிவிடும். கொம்பும் ளகரமும் சேர்ந்து வருமிடமெல்லாம் ஔகாரமாக மாற்றினால் "தெளிவு" சிதையும். "ஒள" என்பதை "ஔ" ஆக்கினால் "ஒளி" சிதையும். ளகரத்துக்குப் பின் எந்தக் குறியும் புள்ளியும் இல்லாத இடத்தில் மட்டும் மாற்றினால் பெரும்பாலும் சரிவரும், ஆனாலும் அது ஊகமே. ஆகவே அந்தத் திருத்தத்தை எழுத்துப் பிரிப்போடு கலக்காமல் தனிச் செயற்கூறாக வைத்து, எந்தச் சொற்கள் மாறின என்பதைப் பயனருக்குக் காட்டி, அவர் ஒப்பிய பிறகே மாற்ற வேண்டும்.